நீச்சல் கோச் ஆக நினைக்கும் வடசென்னைத் தம்பி தங்கைகளுக்கு

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கத்துப் பசங்க என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணா, எனக்கு நல்லா நீச்சல் வரும், கோச் ஆகலாமா?" ஆகலாம். ஆனால் நீந்தத் தெரிவது வேறு, அடுத்தவன் நீந்துவதைப் பார்த்துத் தப்பு எங்கே என்று சொல்லத் தெரிவது வேறு. என்ஐஎஸ் (தேசிய விளையாட்டு நிறுவனம்) கோச்சிங் டிப்ளமோ முடித்து இப்போது கிளப் ஒன்றில் போட்டிக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன், அந்தப் படிப்பில் எனக்குக் கைகொடுத்தது முழுக்க இந்த இரண்டாவது விஷயம்தான்.

முதலில் சான்றிதழ். பாட்டியாலாவில் 1961-இல் தொடங்கிய நேதாஜி சுபாஷ் தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமோவுக்குத்தான் இந்தத் தொழிலில் மதிப்பு. ஆறு வாரச் சான்றிதழ் படிப்பும் இருக்கிறது, தொடக்கத்துக்குச் சரி, டிப்ளமோவுக்கு ஈடாகாது. டிப்ளமோவுக்கு டிகிரியும் கேட்பார்கள், எந்த மட்டத்தில் போட்டியிட்டீர்கள் என்ற சான்றிதழும் கேட்பார்கள், அதனால் ஸ்விம்மிங்தான் இருக்கே என்று காலேஜை விட்டுவிடாதீர்கள். மாவட்டப் போட்டியில் கொடுத்த காகிதமாக இருந்தாலும் ஃபைலில் போட்டு வையுங்கள்.

கடலில் பழகிய பசங்களுக்கு ஒரு வார்த்தை. அலையைப் பார்க்கத் தலையைத் தூக்கியே நீந்துவோம் இல்லையா, குளத்தில் அதுதான் வில்லன். தலை ஏறினால் இடுப்பு இறங்கும், கால் பின்னால் தொங்கும், எவ்வளவு வேகமாகக் கை போட்டாலும் தண்ணீர் பிடித்து இழுக்கும். கையைத் திருத்துவதற்கு முன்னால் பார்வையைக் குளத்தின் அடிக்கு இறக்கச் சொல்லுங்கள், பாதி வேலை முடிந்தது. டிப்ளமோவின் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், கேட்கிற கேள்விகளும் இந்த மாதிரிதான்: காரணம் எது, விளைவு எது, முதலில் எதைத் திருத்துவாய்?

தியரியில் உடற்கூறு, உடலியங்கியல், பயோமெக்கானிக்ஸ், உளவியல், பயிற்சித் திட்டமிடல் எல்லாம் வரும். மனப்பாடம் செய்பவர்கள் திணறுவது கணக்கு போடும் இடத்தில். ஒரு பெண் 400 மீட்டரை 6 நிமிடத்திலும், 200 மீட்டரை 2 நிமிடம் 50 விநாடியிலும் முடிக்கிறாள் என்று வையுங்கள். வித்தியாசம் 200 மீட்டர், 190 விநாடி. அப்படியென்றால் 100 மீட்டருக்கு 95 விநாடி, அதாவது 1:35. ஏறக்குறைய அவள் களைத்து விழாமல் தாக்குப்பிடிக்கும் வேகம் இது, இதைச் சுற்றித்தான் அவளுடைய செட்டை, அதாவது எவ்வளவு தூரத்தை எத்தனை முறை நீந்த வேண்டும் என்ற பயிற்சியை, எழுதுவீர்கள். உங்களுக்குத் தெரிந்த நாலு பேருக்கு இப்படிக் கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்தப் பாடம் அப்புறம் மறக்கவே மறக்காது.

விதிகளையும் விட்டுவிடாதீர்கள். பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கிலும் பட்டர்ஃபிளையிலும் இரண்டு கையும் ஒன்றாகச் சுவரைத் தொட வேண்டும், ஃப்ரீஸ்டைலில் தொடக்கத்திலும், சுவரில் திரும்பும் டர்னிலும் 15 மீட்டருக்குள் தலை மேலே வந்துவிட வேண்டும்.

கற்பித்தல் பயிற்சியில் சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் மார்க் இருக்கிறது. வெயில் பிள்ளைகள் முகத்தில் அடிக்காமல், உங்கள் முகத்தில் அடிக்கிற மாதிரி நில்லுங்கள். பிரெஸ்ட்ஸ்ட்ரோக் உதை வராத குழந்தையைக் குளத்தின் விளிம்பில் உட்கார வைத்து, கணுக்காலைப் பிடித்துப் பாதத்தை வெளிப்பக்கம் திருப்பிக் காட்டுங்கள். பத்து நிமிடம் வாயால் சொல்வதை அந்த ஒரு பிடி சொல்லிவிடும். ஆங்கிலம் தடுமாறுகிறதே என்று பயப்படாதீர்கள், கட்டளைகள் சின்ன வாக்கியங்கள்தான், கண்ணாடி முன்னால் சத்தமாகச் சொல்லிப் பழகினால் போதும்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கோடைக்கால வகுப்பில் வரும் காசு போட்டிக் குழுவில் வராது, காலை ஐந்து மணிக்கே குளத்தில் நிற்க வேண்டும், வீட்டில் திட்டு விழும். 50 மீட்டர் குளத்துக்கு வேளச்சேரிக்குத்தான் போக வேண்டும் என்றால் நகரத்தையே குறுக்கே கடக்கணும். அதனால் படிக்கும்போதே பெரியமேடு மைலேடி பூங்கா, மெரினா என்று கைக்கெட்டும் குளங்களில் சீனியர் கோச்சுகளிடம் பேசி வையுங்கள். ஏப்ரல், மே கூட்டத்துக்கு உதவியாளர் தேவைப்படும், மார்ச்சிலேயே போய்க் கேளுங்கள், போவதற்குள் முதலுதவியும் சிபிஆரும் (இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தி, மூச்சு கொடுப்பது) கற்றுக்கொண்டு போங்கள்.