பதினேழாவது துண்டு

எங்கள் எலக்ட்ரிக் சாமான் கடை மனேஜர் போனில் சொன்னது இரண்டே வார்த்தை. "ஒயா பலாகன்ன." நீயே பார்த்துக்கொள் என்று அர்த்தம். பிரிட்ஜைக் கொடுப்பதென்றால் கொடு, என்னிடம் கேட்காதே என்றாரா? கொடுத்தால் உன் தலையில்தான் விடியும் என்றாரா? சிங்களம் எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் இத்தனை காலமாகியும் அந்த இரண்டு வார்த்தைக்கு எனக்குப் பொருள் பிடிபடவில்லை.

அன்று 2022 மார்ச் 13. தேயிலைத் தோட்டத்துப் பத்தாம் திகதி சம்பளத்துக்குப் பிறகு வருகிற ஞாயிறு. இலங்கை மலையகத்து ஹட்டன் டவுன் அப்படியான நாளில் எப்படியிருக்கும் என்று சொல்லவா வேண்டும். அந்த அக்கா பத்தரை மணிக்கு வந்தார். வழக்கமான மூவாயிரம் ரூபாய், பால்மா கவர் ஒன்றுக்குள் சுருட்டி வைத்த பற்றுச்சீட்டுகள். கொழுந்துக் கறை ஏறிய விரலால் ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினார். நான் எழுதிக் கொடுத்தது பதினேழாவது துண்டு. அதோடு கணக்கு முடிந்தது.

2020 தீபாவளி முற்பணத்தில் பத்தாயிரம் கட்டி ஆரம்பித்தவர். பிறகு மாதம் மூவாயிரமாகப் பதினாறு மாதம். ஆக 58,000. ஒரு கதவு பிரிட்ஜ். தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில், இருக்கிற பிள்ளைகளுக்கு ஐஸ் பக்கெட் போட்டு விற்கலாம் என்று யோசனை. தவணைக்கு எடுத்திருந்தால் முதல் நாளே தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். நானும் அப்படித்தான் சொன்னேன். "கடன் வேணாங்க தம்பி, கட்டி முடிச்சிட்டே எடுத்துக்கிறேன்" என்றார். பேங்க்கில் போட வேண்டிய காசை எங்கள் கடையில் போட்டார் என்றுதான் இப்போது எனக்குத் தோன்றுகிறது.

"வந்திருச்சுங்களா தம்பி?"

"இன்னும் இல்ல அக்கா. கொழும்புல இருந்து அனுப்பல."

அவர் என் தோளைத் தாண்டி ஸ்டோர் பக்கம் பார்த்தார். கதவு பாதி திறந்து கிடந்தது.

"அந்தா ஒன்னு இருக்குங்களே?"

"அது வித்தாச்சு அக்கா."

"அப்படிங்களா. சரிங்க."

சண்டை போட்டிருந்தால் கூட நான் இதை மறந்திருப்பேன்.

அந்தப் பெட்டி விற்கப்படவில்லை. 203 ரூபாயில் பிடித்து வைத்திருந்த டொலரை மத்திய வங்கி மார்ச் 7 அன்று கைவிட்டது, டொலர் ஏறியது. வெள்ளிக்கிழமை எங்களுக்குப் புது விலைப்பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்தது. பழைய விலைக்கு ஒரு சாமானும் வெளியே போகக் கூடாது என்று கீழே ஒரு வரி. அந்தப் பட்டியலில் அந்த பிரிட்ஜ் 89,000. வித்தியாசம் 31,000, அது என் சம்பளத்தில் பிடிபடும் என்று நினைத்தேன். பிடித்திருப்பார்களா? யாரும் அப்படிச் சொல்லவில்லை. மனேஜரும் சொல்லவில்லை. அவர் சொன்னது அந்த இரண்டு வார்த்தைதான்.

செவ்வாய்க்கிழமை ஒரு வியாபாரி வந்து கையில் காசு வைத்துப் பெட்டியை ஏற்றிக்கொண்டு போனார்.

நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானங்கள் நிறைய. அந்த மாத முடிவில் நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லை. பிரிட்ஜை வைத்து அவர் என்ன ஐஸ் போட்டிருப்பார்? பற்றுச்சீட்டின் பின்பக்கம், ஒப்படைக்கும் நாளின் விலையே செல்லும் என்று பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சடித்தும் இருக்கிறது. சட்டப்படி நான் சரி. ஆனால் பதினேழு துண்டு எழுதிய நான் ஒரு தடவையாவது அதைத் திருப்பிக் காட்டி, அக்கா இதில் இப்படி இருக்கிறது என்று சொன்னதில்லை. கரண்ட் விஷயமும் அப்படித்தான். கரண்ட் அப்புறம் வந்தது, பெட்டியின் விலை இறங்கவில்லை. டொலர் மே மாதம் 360 வரை போனது.

எங்கள் கடையை டொலர்தான் கொன்றது என்று கூட வேலை செய்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். பொய் இல்லை. 2021 செப்டெம்பரில் 623 வகைப் பொருட்களின் இறக்குமதிக்கு முழுத் தொகையையும் முன்கூட்டியே வங்கியில் கட்ட வேண்டும் என்று வந்தபோதே, பிரிட்ஜும் டிவியும் அதில் மாட்டி, ஷோரூமில் ராக்கைகள் காலியாகத் தொடங்கின. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே அடியில் வட்டியை 7 வீதப் புள்ளி ஏற்றியது. அதற்குப் பிறகு தவணை வியாபாரம் என்று ஒன்று இல்லை.

ஆனால் அதற்கு முன்பே ஏதோ போய்விட்டது. 1996 உலகக் கிண்ண இறுதி ஆட்டத்தை நான் பார்த்தது இதே கடையின் கண்ணாடி வழியாகத்தான். டிவியைத் தெருப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, மூடும் நேரம் தாண்டியும் லைட்டை அணைக்காமல் இருந்தார்கள். அப்போதெல்லாம் ரேடியோ பழுதென்றால் கடையின் பழுது பார்க்கும் பாஸ் ஒருவர் ஈயப்பற்றுக் கோலோடு லயத்துக்கே ஏறி வருவார். எங்கள் வீட்டில் பிளேன்டீ குடித்துவிட்டு, காசு வாங்காமல் போனதும் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்தபோது பழுது பார்ப்பது கொழும்புக்குப் போயிருந்தது. பத்து நாள் என்று சொல்லி அனுப்பிய சாமான் இரண்டு மாதம் கழித்து வந்தது. எங்களுக்குக் கொடுத்த டார்கெட் மேலதிக உத்தரவாதம் விற்பது. நானும் விற்றேன். ஒரு வருடம் அதற்குப் பரிசுகூட வாங்கினேன்.

இப்படி எழுதும்போது எல்லாப் பழியையும் கம்பனி மேல் ஏற்றுகிறேன் போலத் தெரிகிறது. சரி, ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெட்டி பெப்ரவரியில் வந்ததே அவருக்காகத்தான். மார்க்கர் பேனாவால் அதன் மேல் அவர் பெயரையும் தோட்டத்தையும் எழுதியது நான். ஞாயிறு காலை கடையைத் திறந்ததும் அந்த எழுத்துப் பக்கத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்ததும் நான்தான். மனேஜருக்குப் போன் எடுத்தது அதற்குப் பிறகு.

போன வருடம் கண்டி பஸ் ஸ்டாண்டில் மனேஜரைக் கண்டேன். பிள்ளைகள், வேலை எல்லாம் பேசி முடித்து அதைக் கேட்டேன். "எந்த பிரிட்ஜ்?" என்றார்.

ஆகஸ்டில் அக்காவைக் கூப்பிட்டுக் காசைத் திருப்பிக் கொடுத்தோம். 58,000, சதம் குறையாமல். அன்றைக்கு அதில் பாதிப் பெட்டிகூட வராது. அசல் துண்டுகளை வாங்கி ஃபைல் பண்ண வேண்டும் என்பது விதி. பதினேழையும் அவர் எண்ணிக் கொடுத்தார், நான் எண்ணி ஸ்டேப்ளர் அடித்தேன். பால்மா கவரையும் சேர்த்தே என் பக்கம் இழுத்துவிட்டேன் போலிருக்கிறது.

"தம்பி, அந்தக் கவர் மட்டும் எனக்கு வேணுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.