கடை மூடும் விற்பனைக் கேள்வி: ஒருமுறை விழுந்து, இப்போது தேறியவனின் குறிப்புகள்

போன வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. பாராலீகல் (வக்கீல்களுக்கு உதவியாளர்) படிப்பின் வணிகச் சட்டத் தாளில் தேறிவிட்டேன். போன வருடம் இதே தாளில் விழுந்தவன் நான். என்னை விழவைத்தது, 'கடையை மூடுகிறோம்' என்று விளம்பரம் செய்து நடத்தும் விற்பனை பற்றிய அந்த ஒரே ஒரு 40 மதிப்பெண் கேள்விதான். விர்ஜீனியாவில் மாலை வகுப்பில் இந்தத் தாளை எடுத்திருக்கும் நம் ஆட்கள் சிலர் அந்தக் கேள்விக்கு எப்படி விடை எழுதுவது என்று கேட்டதால், மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். தாளின் அமைப்பு உங்களுக்கே தெரியும், அதைச் சொல்லப்போவதில்லை.

முதல் தடவை வந்த கதை இதுதான். ஒரு சோபா, கட்டில் விற்கும் கடைக்காரர். 'கடையை மூடுகிறோம், எல்லாம் போக வேண்டும்' என்று பேனர் கட்டுகிறார். மூன்றாவது வாரம் லாரியில் புது சோபாக்கள் வந்து இறங்குகின்றன. நான்காவது மாதம் உண்மையாகவே கடையை மூடிவிடுகிறார். அவருக்குச் சட்டப்படி என்ன சிக்கல் வரும், மெமோ (சட்டக் குறிப்பு) எழுதுக.

நான் நான்கு பக்கம் எழுதினேன். எல்லாமே ஏமாற்று வேலை பற்றித்தான். ஏமாற்று வியாபாரத்தைத் தடுக்கும் ஃபெடரல் (மத்திய அரசு) டிரேடு கமிஷன் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, பொய்யான விலைக் குறைப்பு பற்றிய வழிகாட்டு விதிகள் என்று மனப்பாடம் செய்ததை எல்லாம் கொட்டினேன். கிடைத்தது 11 மதிப்பெண். ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே வரி: 'பெர்மிட் எங்கே?' கடை மூடும் விற்பனைக்கு உள்ளூர் நிர்வாகத்திடம் வாங்க வேண்டிய அனுமதியைத்தான் கேட்டிருந்தார்கள்.

ஏன் அப்படி எழுதினேன் என்று எனக்குத் தெரியும். இந்த ஊருக்கு வந்த புதிதில் அப்படிப்பட்ட ஒரு கடையில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். மூடுகிறோம் என்ற போர்டு கிட்டத்தட்ட ஒரு வருடம் தொங்கியது. வயதான ஒரு அம்மா, "நிஜமாகவே மூடுகிறீர்களா? அப்படியென்றால் இப்போதே வாங்கிவிடுகிறேன்" என்று கேட்டபோது நான் தலையை ஆட்டினேன். அது இன்னும் உறுத்துகிறது. அந்தக் கோபத்தில்தான் பரீட்சை எழுதினேன். கடைக்காரர் பொய் சொன்னாரா இல்லையா என்பதிலேயே நின்றுவிட்டேன்.

சட்டம் முதலில் கேட்பது அதை இல்லை. தயவுசெய்து இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். விர்ஜீனியா சட்டத்தொகுப்பின் 18.2-223 பிரிவைப் பொறுத்தவரை, உண்மையாகவே கடையை மூடுகிறவரும் பெர்மிட் இல்லாமல் அப்படி விளம்பரம் செய்தால் தவறுதான். மனசாட்சி சுத்தமாக இருப்பது அங்கே உதவாது. 'கடையை மூடுகிறோம்' என்ற அதே சொற்களைத்தான் போட்டிருக்க வேண்டும் என்பதும் இல்லை. வியாபாரம் முடியப்போகிறது, சரக்கைத் தீர்க்கிறோம் என்று தோன்றவைக்கும் எந்தச் சொல்லும் அதற்குள் வந்துவிடும். பேனரில் இருக்கும் வாசகத்தை அப்படியே மேற்கோளாக எழுதி, அது ஏன் இந்த வரையறைக்குள் விழுகிறது என்று இரண்டு வரி எழுதுங்கள். அந்த இரண்டு வரிக்கு மதிப்பெண் உண்டு.

அப்புறம், பார்க்க வேண்டியவை:

யார் பெர்மிட் தர வேண்டும்? கடை கவுண்டியில் (மாவட்டம் மாதிரியான நிர்வாகப் பகுதி) இருக்கிறதா, நகரத்திலா, டவுனிலா? விர்ஜீனியாவில் நகரங்கள் எந்தக் கவுண்டிக்குள்ளும் சேராதவை. தபால் முகவரியில் ஃபேர்ஃபாக்ஸ் என்று இருப்பதாலேயே கடை ஃபேர்ஃபாக்ஸ் நகரத்தில் இருக்கிறது என்று அர்த்தமில்லை, கவுண்டியில் இருக்கலாம்.

சரக்குப் பட்டியல். விண்ணப்பத்தோடு கொடுக்க வேண்டியது. பட்டியலில் இல்லாததை அந்த விற்பனையில் விற்கக் கூடாது, கலக்கவும் கூடாது.

நாள் கணக்கு. ஒரு பெர்மிட் 60 நாள் செல்லும். அதற்கு மேல் இன்னொரே ஒரு பெர்மிட்தான், அதுவும் முதல் பட்டியலில் விற்காமல் மிஞ்சியதைத் தீர்க்க மட்டும்.

விளம்பரம். பெர்மிட் எண்ணும் விற்பனைத் தேதிகளும் அதில் தெரிய வேண்டும்.

இப்போது அந்த சோபாக் கதையைத் திரும்பப் பாருங்கள். லாரி வந்த மூன்றாவது வாரம்தான் கேள்வியின் உயிர். அந்த சோபாக்கள் பட்டியலில் இல்லை. கடைக்காரர் கெட்டவரா நல்லவரா என்று பேசாமலே இதை எழுதி முடிக்கலாம். நான்காவது மாதம் என்று சொல்லியிருப்பதும் சும்மா இல்லை, அது நாள் கணக்குக்காக.

அதனால் இந்தத் தடவை முதல் பத்து நிமிடம் விடைத்தாளைத் தொடவே இல்லை. கேள்வித்தாளின் பின்புறம் ஒரு கோடு போட்டு தேதிகளைக் குறித்தேன். கீழே இரண்டு நெடுவரிசை: பட்டியலில் இருந்த சரக்கு, பின்னால் வந்த சரக்கு. பக்கத்தில் இருந்தவர்கள் வேகமாக எழுதிக்கொண்டிருந்தார்கள், எனக்குப் பதற்றமாகத்தான் இருந்தது. ஆனால் கோடு போட்டு முடித்ததும் விடை முக்கால்வாசி அங்கேயே இருந்தது. எனக்குக் கையால் எழுதிப் பார்த்தால்தான் மண்டையில் ஏறும். கூட்டமாகப் படிப்பது எனக்கு ஒத்துவரவில்லை, உங்களுக்கு ஒத்துவந்தால் சரி.

ஏமாற்று பற்றிய சட்டத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. விர்ஜீனியா நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், 59.1-200 பிரிவில், விலைக் குறைப்புக்கான காரணம் பற்றித் தவறான தகவல் தருவதற்குத் தனித் தடை இருக்கிறது. அது இரண்டாவதாக வர வேண்டும். பெர்மிட் முடிந்த பிறகு, அரைப் பக்கம். ஃபெடரல் சட்டத்துக்கு ஒரு பத்தி போதும்.

இந்த வருடக் கேள்வியில் வேறொரு கண்ணி இருந்தது. கடை நிறுவனம் சாப்டர் 11 திவால் மனு (வியாபாரத்தை நடத்திக்கொண்டே கடனைச் சீரமைக்கக் கேட்பது) போட்டுவிட்டு இரண்டு கிளைகளை மட்டும் மூடுகிறது. என்னோடு எழுதிய ஒருவர் 'திவால் நீதிமன்றம்' என்று பார்த்ததும் உள்ளூர் விதிகளை மொத்தமாக விட்டுவிட்டார். அப்படிச் செய்யாதீர்கள். ஃபெடரல் சட்டத்தொகுப்பின் 28-ஆம் தலைப்பு, 959(பி) பிரிவு, திவாலில் இருப்பவரும் மாநிலச் சட்டப்படிதான் சொத்தை நிர்வகிக்க வேண்டும் என்கிறது. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ரிச்மண்டைத் தலைமையிடமாகக் கொண்ட சர்க்யூட் சிட்டி என்ற மின்னணுப் பொருள் கடை நிறுவனம் 2008 நவம்பரில் மனு போட்டு, 2009 ஜனவரியில் 567 கடைகளிலும் கலைப்பு விற்பனையை (எல்லாச் சரக்கையும் விற்றுத் தீர்ப்பது) தொடங்கியது. மார்ச் 8-ஆம் தேதி எல்லாம் மூடப்பட்டன. அத்தனை ஊரிலும் தனித்தனியாகப் பெர்மிட், தனித்தனியாக நாள் கணக்கு என்றால் என்ன ஆகும் என்று யோசித்தால், பெரிய நிறுவனங்கள் ஏன் உள்ளூர் விதிகளிலிருந்து விலக்குக் கேட்டு நீதிமன்ற உத்தரவு வாங்குகின்றன என்பது புரிந்துவிடும். கேள்வியில் அப்படி ஒரு உத்தரவு இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதன் வரியை எடுத்துக் காட்டுங்கள். இல்லையென்றால் பெர்மிட் வேண்டும் என்றே எழுதுங்கள்.

மற்ற மாநிலங்களை மனப்பாடம் செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம். டெக்சஸில் சரக்குப் பட்டியல் சொத்து வரிக்காகச் சொத்துகளை மதிப்பிடும் மாவட்ட அலுவலகத்தின் தலைமை மதிப்பீட்டாளரிடம் போகும் என்று ஒரு வரி எழுதினேன், அது போதுமானதாக இருந்தது.

கடைசி 15 நிமிடத்தை ஒதுக்கி வையுங்கள். மெமோவின் முடிவில், கடைக்காரர் நாளைக் காலையில் என்ன செய்ய வேண்டும் என்று எழுத வேண்டும். நான் எழுதியது இவ்வளவுதான்: பேனரை இறக்குங்கள், இருக்கும் சரக்கை இன்றைக்கே எண்ணிப் பட்டியல் போடுங்கள், புதிதாக வந்ததைத் தனி அறையில் பூட்டி வையுங்கள், கடை எந்த எல்லைக்குள் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு பெர்மிட்டுக்கு விண்ணப்பியுங்கள், பெர்மிட் எண் கையில் வரும் வரை விளம்பரம் வேண்டாம்.