திரைக்கு உள்ளே

எட்டு வருடம் ஒரு விமான நிலையத்தில் பெண் பயணிகளைச் சோதிக்கும் வேலை பார்த்தேன். துணித்திரை போட்ட சின்னத் தடுப்பு, அவர்கள் ஏறி நிற்க ஒரு மேடை, என் கையில் மெட்டல் டிடெக்டர். காலை நெரிசலில் ஒருவருக்கு அரை நிமிடம் கிடைத்தாலே அதிகம்.

பயிற்சியில் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானத்தைப் பற்றிச் சொன்னார்கள். 1985 ஜூன் மாதம் வான்கூவரில் ஒருவர் தன் பெட்டியை டெல்லி வரை பதிந்து அனுப்பச் சொல்லி அடம்பிடித்தார். டொராண்டோவுக்கு அப்பால் அவருக்கு சீட் உறுதியாகியிருக்கவில்லை. முதலில் மறுத்த ஊழியர், பின்னால் வரிசை நீண்டுகொண்டே போக, கடைசியில் சரி என்றுவிட்டார். பெட்டி போனது, ஆள் ஏறவில்லை. அயர்லாந்துக்கு அருகே கடலுக்கு மேல் அந்தப் பெட்டியில் இருந்த குண்டு வெடித்து 329 பேர் இறந்தார்கள். "அவசரம், விடுங்க" என்று யாராவது கெஞ்சும்போதெல்லாம் அந்த கவுன்ட்டர்தான் என் கண்முன் வரும். ஒருவரையும் சோதிக்காமல் விட்டதில்லை. அதில் இன்றும் எனக்கு வருத்தமில்லை.

ஒருநாள் ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மா வந்தார். டிடெக்டர் ஒலிக்கவில்லை. ஆனால் தொட்டுப் பார்த்தபோது மார்பில் ஒரு பக்கம் ஏதோ வித்தியாசமாகத் தட்டுப்பட்டது. "உள்ளே என்ன வச்சிருக்கீங்க? எடுங்க" என்றேன். திரை பாதிதான் மூடியிருந்தது. குரலையும் நான் தாழ்த்தவில்லை. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

புற்றுநோய்க்காக ஒரு மார்பகத்தை அகற்றியவர் அவர். உள்ளே இருந்தது சிலிகோனில் செய்த செயற்கை மார்பகம். கை நடுங்க அதை எடுத்துக் காட்டினார். பிறகு புடவையைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "சோதிக்காதேன்னு சொல்லலைம்மா. முதல்ல கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே."

மன்னிப்புக் கேட்டேன். தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

டிக்கெட் வாங்கியவர் சோதனைக்குச் சம்மதிக்கிறார், உண்மைதான். ஆனால் தன் உடம்பின் கதையை வரிசையில் நிற்பவர்களுக்கும் சொல்ல அவர் சம்மதிக்கவில்லை. அப்புறம் முதலில் கேட்கப் பழகினேன். "தோள், முதுகு, இடுப்பு தொட்டுப் பார்ப்பேன். ஆபரேஷன் ஏதாவது செஞ்சிருந்தா சொல்லுங்கம்மா." ஐந்து விநாடிதான். முழங்காலில் கம்பி, வயிற்றில் குழந்தை, நெஞ்சில் பேஸ்மேக்கர் எல்லாவற்றையும் அவர்களே காதோடு சொன்னார்கள். சோதனையில் ஒன்றும் குறையவில்லை.

வரிசை தேங்குகிறது என்று மேலே இருந்தவர்கள் கடிந்துகொண்டது உண்டு. இருந்தும், புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு வேலை காட்டும்போது முதலில் திரையை முழுதாக இழுத்து மூடச் சொல்வேன். அதன் பிறகே டிடெக்டரைக் கையில் கொடுப்பேன்.