சாரதிக்குத்தான் முதல் அம்பு

ஆகஸ்ட் 15 காலையில் குடியிருப்பில் கொடியேற்றி, மிட்டாய் வாங்கிக்கொண்ட கையோடு திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலுக்குக் கிளம்பிவிடுவோம். 1999-ல் அம்மா நேர்ந்துகொண்டது. கொரோனா காலம் தவிர ஒரு வருஷமும் விட்டதில்லை.

அந்த வருஷம் மே மாதத்திலிருந்து ஜூலை வரை கார்கில் சண்டை. மாமா அப்போது ராணுவத்தில் லாரி டிரைவர். ஸ்ரீநகரிலிருந்து லே போகும் சாலையில், திராஸ் பக்கம் மலை உச்சியில் எதிரி உட்கார்ந்திருந்தான். கீழே போகிற வண்டியெல்லாம் அவன் கண்ணில் படும். ஹெட்லைட்டை அணைத்துவிட்டு ராத்திரியில் ஓட்டினோம் என்று மாமா பிற்பாடுதான் சொன்னார். இங்கே அம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது. தம்பியிடமிருந்து கடிதம் வரவில்லை, அவ்வளவுதான். "பார்த்தசாரதி, நீயும் தேர் ஓட்டினவன்தானே, அவனைப் பார்த்துக்கோ. வருஷா வருஷம் சுதந்திர தினத்தன்னிக்குச் சர்க்கரைப் பொங்கல் தளிகை போடறேன்" என்று வேண்டிக்கொண்டாள். மாமா திரும்பி வந்தார்.

இந்த வருஷம் பெரம்பூரிலிருந்து மாமாவும் வந்து சேர்ந்துகொண்டார். நாங்கள் திருவான்மியூரிலிருந்து பறக்கும் ரயில். லீவு நாள், கோயிலில் கூட்டம். சட்டையில் குத்திய கொடியோடு வரிசையில் நின்ற குழந்தைகளைப் பார்க்கவே நிறைவாக இருந்தது.

மூலவர் வேங்கடகிருஷ்ணன் நெடிய திருமேனி. முறுக்கிய மீசை. கையில் சங்கு உண்டு, சக்கரம் கிடையாது. பாரதப் போரில் ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவர் அல்லவா. பக்கத்தில் ருக்மிணித் தாயார், அண்ணன் பலராமர், தம்பி சாத்யகி, மகன் பிரத்யும்னன், பேரன் அநிருத்தன். இப்படிக் குடும்பத்தோடு நிற்கிற பெருமாளை வேறெங்கே பார்ப்பது? அம்மா என் மகளிடம் மெல்லச் சொன்னாள்: "லீவுல வந்த மிலிட்டரிக்காரர் மாதிரி இல்ல? ஆயுதத்தைக் கழட்டி வெச்சுட்டு எல்லாரோடயும் நிக்கறார் பாரு."

உற்சவர்தான் பார்த்தசாரதி. அர்ச்சகர் தீபத்தைத் திருமுகத்துக்குக் கிட்டே கொண்டுபோனபோது அந்தத் தழும்புகள் தெரிந்தன. கன்னத்தில் சின்னச் சின்னக் குழிகள். பீஷ்மர் விட்ட அம்புகள் பட்ட காயம் என்பார்கள். எத்தனையோ முறை சேவித்த முகம்தான். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது: தேரில் வில்லாளி பின்னால் நிற்கிறான், சாரதி முன்னால் உட்கார்ந்திருக்கிறான். வருகிற அம்பு முதலில் அவனுக்குத்தான். மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். கூப்பிய கையைப் பிரிக்காமல் நின்றுகொண்டிருந்தார். வரிசை நகரச் சொல்லியும் நகரவில்லை. "என்கூட வண்டி ஓட்டின ரெண்டு பேர் வரலை" என்று வெளியே வந்த பிறகு சொன்னார். இத்தனை வருஷத்தில் அவர் இதைச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

அம்மா அர்ச்சகரிடம் எங்கள் பெயர் நட்சத்திரம் எதையும் சொல்லவில்லை. "எல்லையில நிக்கற பிள்ளைங்க எல்லாருக்கும்" என்றாள். அவரும் தலையசைத்துக்கொண்டு சங்கல்பம் செய்துவைத்தார்.

அப்புறம் துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவுக்குப் போய், பாரதியார் வாழ்ந்த வீட்டு வாசலில் ஒரு நிமிஷம் நின்றோம். 1921-ல் இந்தக் கோயில் யானை தள்ளிவிட்டும் பிழைத்து எழுந்தவர், அதே வருஷம் செப்டம்பரில் உடம்பு முடியாமல் போய்விட்டார். சுதந்திரம் வர இன்னும் 26 வருஷம் இருந்தது. இருந்தும் அது வந்துவிட்டதாகவே ஆடிப் பாடியவர். என் மகள் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியைத் தொட்டுக் கும்பிட்டாள். யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

பொங்கலைத் தொன்னையில் வாங்கி அங்கேயே சாப்பிட்டோம். நெய் விரலிடுக்கில் வழிந்தது, பச்சைக் கற்பூர வாசனை. மாமா பாதியில் நிறுத்திவிட்டு, தொடாத இன்னொரு தொன்னையை இலை போட்டு மூடி வைத்துக்கொண்டார். வீட்டுக்கு எடுத்துப் போகிறார் என்று நினைத்தேன்.

ஸ்டேஷனுக்கு ஆட்டோ பிடித்தோம். கண்ணாடியோரம் குட்டித் தேசியக்கொடி ஆடிக்கொண்டிருந்தது. இறங்கியதும் மாமா காசோடு அந்தத் தொன்னையையும் டிரைவர் கையில் கொடுத்தார். "பார்த்தசாரதி பிரசாதம் தம்பி. மொதல்ல நீ சாப்பிடு, அப்புறம் வண்டிய எடு."