சிக்னல் வர்ற வளைவும் என் ப்ராஜெக்ட்டும்

போன வருஷம் நவம்பர்ல ஒரு நாள் நைட்டு பத்தரை மணிக்கு அம்மா என்னை எழுப்புனாங்க. "தம்பிய காணோம்டி, கரடி சுத்தற நேரத்துல எங்க போனான்னு தெரியல, போய் பாரு"ன்னாங்க. டார்ச்ச எடுத்துகிட்டு கிளம்பினேன். எங்க லைன் வீட்டுலருந்து மேல ரோட்டுக்கு ஏறுனா ஒரு வளைவு, அங்க ஒரு நிழற்குடை, எங்க பக்கத்துல சிக்னல் ஒழுங்கா கிடைக்கறது அந்த ஒரு இடத்துல தான். அங்க தான் உக்காந்திருந்தான். கூட இன்னும் மூணு பசங்க. ஸ்வெட்டர், குல்லா, அதுக்கு மேல ஒரே போர்வைய நாலு பேரும் போத்திகிட்டு, மிஸ்ட்ல வேற ஒண்ணுமே தெரியல, நாலு மூஞ்சி மட்டும் போன் வெளிச்சத்துல தெரிஞ்சுது. நான் பத்தடி தூரத்துல வந்து நின்னும் ஒருத்தனும் திரும்பல. அதுக்கு முந்தின வாரம் தான் அதே வளைவுல காட்டெருமை நின்னு பஸ்ஸ அரை மணி நேரம் நிப்பாட்டி வெச்சுது.

தம்பி பதினொண்ணாவது படிக்கறான். அம்மா எஸ்டேட்ல தேயிலைக் கொழுந்து எடுக்க போறாங்க, அப்பா ஃபேக்டரில. கோத்தகிரி பக்கம் எங்கள மாதிரி குடும்பம் நிறைய இருக்கு. நான் அப்ப கோயமுத்தூர்ல எம்.எஸ்.டபிள்யூ, அதாவது சமூகப்பணி முதுகலை, ரெண்டாவது வருஷம், ப்ராஜெக்ட்டுக்கு டாபிக் குடுக்க வேண்டிய நேரம். அந்த நைட்டே முடிவு பண்ணிட்டேன், இன்டர்நெட் அடிக்ஷன் தான் எடுக்கணும், நம்ம மலைல இருக்கற பசங்கள பத்தி தான் எழுதணும்னு.

மேட்டுப்பாளையம் இறங்குற பஸ்லயே அறுபது கேள்வி எழுதிட்டேன். தலைப்பும் ரெடி, நெட் அடிக்ஷனால வளரிளம் பருவ பசங்க படிப்பு எப்படி பாதிக்குதுன்னு. கைடு மேடம் கிட்ட கொண்டு போய் குடுத்தேன். அவங்க கேள்வி எதையும் படிக்கல. "யாரம்மா அடிக்ட்?"னு கேட்டாங்க. ரொம்ப நேரம் போன் பாக்கறவங்க மேடம்னு சொன்னேன். "ரொம்ப நேரம்னா எவ்வளவு?" எனக்கு பதில் வரல. "படிப்பு பாதிக்குதுன்னு நீயே முடிவு பண்ணிட்ட, அப்புறம் எதுக்கு ஆராய்ச்சி? முதல்ல எக்ஸ்ப்ளோரேட்டரியா பண்ணு, செகண்டரி டேட்டா தேடு, அப்புறம் ஃபீல்டுக்கு போகலாம்"னு பேப்பர திருப்பி குடுத்துட்டாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு. செகண்டரி டேட்டான்னா நெட்ல இருக்கறத எடுத்து எழுதறதுன்னு தான் எங்க கிளாஸ்ல பாதி பேர் நினைச்சிருந்தோம், ஃபீல்டுக்கு போய் நாலு பேர பாத்து பேசறது தான் நிஜமான வேலைன்னு.

இப்ப அந்த எண்ணம் இல்ல. அதனால தான் இத எழுதறேன், இதே டாபிக் எடுக்கப்போற ஜூனியர்ஸ் யாராவது படிச்சா உபயோகமா இருக்கும்.

எக்ஸ்ப்ளோரேட்டரி ரிசர்ச்னா என்னன்னு அம்மாவுக்கு நான் சொன்ன விதம் இது. புது தேயிலைக் காட்டுல கொழுந்து எடுக்க ஆள விடறதுக்கு முன்னாடி மேஸ்திரி ஒரு தடவ உள்ள நடந்து பாத்துட்டு வருவாரில்ல, எந்த பக்கம் கொழுந்து முத்தி கிடக்கு, எங்க சரிவு, எங்க அட்டை ஜாஸ்தின்னு, அன்னிக்கு அவர் ஒரு கிலோ கூட எடுக்க மாட்டாரு, ஆனா அவர் நடக்காம ஆள விட்டா பாதி நாள் வீணா போகும். அந்த நடை தான் இது. பிரச்சனை என்னன்னே தெளிவா தெரியாதப்ப, என்ன கேக்கணும்ங்கறத கண்டுபிடிக்கறதுக்கு பண்ற ஆராய்ச்சி. இதுல எதையும் நிரூபிக்க முடியாது, இத்தன சதவீதம்னு தீர்ப்பு சொல்லவும் முடியாது. ஏற்கனவே மத்தவங்க எடுத்து வெச்சிருக்கற டேட்டாவ படிக்கலாம், விஷயம் தெரிஞ்சவங்க கிட்ட பேசலாம், நாலஞ்சு பேர உக்கார வெச்சு பேச விட்டு கேக்கலாம். செகண்டரி டேட்டாங்கறது இன்னொருத்தர் அவரோட தேவைக்காக எடுத்தது, அத நாம நம்ம தேவைக்கு வாங்கி யூஸ் பண்றோம், அதனால யார் எடுத்தாங்க, எப்ப, யார் கிட்ட, எதுக்காகன்னு கேக்காம ஒரு நம்பரையும் தொடக்கூடாது. மேடம் இத நூறு தடவ சொல்லிருப்பாங்க. எனக்கு உறைச்சது ஒரே ஒரு பேப்பர படிச்சப்ப தான்.

கிம்பர்லி யங்னு ஒரு அமெரிக்க சைக்காலஜிஸ்ட். இன்டர்நெட் அடிக்ஷன்னு ஒரு நோய் இருக்குன்னு 1996ல ஒரு மாநாட்டுல பேசினாங்க, 1998ல அது பேப்பரா வந்துச்சு. இந்த துறைல யார் எத எழுதினாலும் அங்கருந்து தான் ஆரம்பிப்பாங்க. சூதாட்ட அடிமைத்தனத்த கண்டுபிடிக்கறதுக்கு டாக்டர்கள் வெச்சிருந்த அளவுகோல எடுத்து மாத்தி எட்டு கேள்வி செஞ்சாங்க, அஞ்சுக்கு ஆமான்னா நீங்க அடிமை. பதில் சொன்னவங்கள்ல 396 பேர் அடிமை, 100 பேர் இல்ல. அடிமைன்னு வந்தவங்க வாரத்துக்கு சராசரி 38.5 மணி நேரம் நெட்ல இருந்தாங்க, மத்தவங்க 4.9 மணி நேரம்.

இத அப்படியே எடுத்தா என்ன வரும்? 496ல 396, கிட்டத்தட்ட 80 சதவீதம் பேர் அடிமைன்னு நான் நோட்டுல எழுதி வட்டமே போட்டுட்டேன். அப்புறம் தான் அந்த பேப்பர்ல ஆள் எப்படி சேத்தாங்கங்கற பகுதிய படிச்சேன். பத்திரிகைல விளம்பரம், காலேஜ்ல நோட்டீஸ், அதோட நெட் அடிக்ஷன பத்தி பேசற ஆன்லைன் குழுக்கள்ல அறிவிப்பு, தேடும்போது இந்த வார்த்தைய போட்டு தேடுனவங்களும் வந்து சேந்திருக்காங்க. அதாவது எனக்கு இந்த பிரச்சனை இருக்குமோன்னு ஏற்கனவே யோசிச்சவங்க தான் முக்கால்வாசி வந்திருப்பாங்க. ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு எண்ணிட்டு ஊர்ல இத்தன பேருக்கு காய்ச்சல்னு சொல்ற மாதிரி ஆயிடும். அந்தம்மா அப்படி சொல்லல, அவங்க அது ஒரு ஆரம்ப முயற்சின்னு தெளிவா தான் எழுதிருக்காங்க, தப்பு என்னோட வட்டத்துல தான்.

இன்னொண்ணு என்னை ரொம்ப நேரம் யோசிக்க வெச்சுது. அந்த 396 பேர்ல 239 பேர் பொம்பளைங்க, அவங்க சராசரி வயசு 43. நான் ஆரம்பத்துலருந்தே பதினாறு வயசு பையன மட்டும் தான் மனசுல வெச்சிருந்தேன், என் அறுபது கேள்வில ஒண்ணு கூட அம்மா வயசுல இருக்கறவங்கள பத்தி இல்ல. எங்க லைன்லயே நைட்டு வேலை முடிச்சு படுத்துட்டு பன்னெண்டு மணி வரைக்கும் ரீல்ஸ் தள்ளிகிட்டே இருக்கற அக்காங்க இருக்காங்க. அவங்கள யாரும் வளைவுல போய் தேடறதில்ல. வீட்டுக்குள்ளயே இருக்காங்கல்ல.

அந்த 38.5 மணி நேரத்தையும் கொஞ்சம் பாருங்க. ஒரு நாளைக்கு அஞ்சரை மணி நேரம். ஃபோன் லைன்ல நெட் கனெக்ட் பண்ணி சாட் ரூம்ல பேசின காலத்துக்கு அது பெரிய அளவு. இன்னிக்கு பேங்க், பஸ் டைம், வீட்டுக்கு வீடியோ கால் எல்லாம் சேத்தா நானே அத தாண்டிடுவேன். அப்ப மணி நேரத்த வெச்சு யாரையும் முத்திரை குத்த முடியாதுன்னு அங்கயே புரிஞ்சுது.

அதே யங் அப்புறம் இருபது கேள்வி டெஸ்ட் ஒண்ணு கொண்டு வந்தாங்க, நூறு மார்க்குக்கு. நம்ம ஊர் காலேஜ் ப்ராஜெக்ட் எல்லாத்துலயும் அது தான் இருக்கும். இங்க தான் பெரிய குழி. சிலர் 50 மார்க்குக்கு மேல எல்லாரையும் அடிக்ட்னு எண்ணுவாங்க, சிலர் 80க்கு மேல மட்டும் எண்ணுவாங்க. ஒரே டெஸ்ட், ஒரே மாதிரி பசங்க, கோடு எங்க போடறோம்ங்கறத வெச்சு ஒரு காலேஜ்ல கொஞ்ச பேரும் இன்னொரு காலேஜ்ல பாதி பேரும் அடிமையா ஆகிடுவாங்க. கோடு எங்கன்னு எழுதாத பேப்பர நான் தனியா எடுத்து வெச்சுட்டேன், எவ்வளவு நல்ல நம்பரா இருந்தாலும் சேக்கல.

இதெல்லாம் கலந்து உலக அளவுல கணக்கு போட்டவங்களும் இருக்காங்க. 2014ல ஹாங்காங் ஆராய்ச்சியாளர் ரெண்டு பேர் 31 நாட்டுலருந்து 89,281 பேரோட டேட்டாவ ஒண்ணா சேத்து பாத்தாங்க, அவங்களே புதுசா ஒருத்தர கூட போய் பாக்கல, முழுக்க செகண்டரி டேட்டா தான். மொத்தத்துல 6 சதவீதம் பேர் அடிமைன்னு வந்துச்சு. மத்திய கிழக்குல 10.9, வடக்கு மேற்கு ஐரோப்பால 2.6. அதோட நிக்காம அந்தந்த நாட்டு வாழ்க்கைத் தரத்தோட ஒட்டி பாத்திருக்காங்க, வாழ்க்கைல திருப்தி கம்மியா, போக்குவரத்துல நேரம் ஜாஸ்தி போற நாடுகள்ல இது கூடுதலா இருந்திருக்கு. காரணம் இது தான்னு இதுலருந்து சொல்ல முடியாது. ஆனா எனக்கு புதுசா ஒரு கேள்வி கிடைச்சுது. அந்த நிழற்குடைய விட்டா எங்க பசங்களுக்கு சாயங்காலம் போறதுக்கு என்ன இருக்கு?

அப்புறம் நம்ம மாவட்டத்துக்கு என்ன டேட்டா இருக்குன்னு தேடினேன், இது தான் மனச கஷ்டப்படுத்துன பகுதி. 2011 சென்சஸ்ல நீலகிரி மக்கள் தொகை 7,35,394. அந்த சென்சஸ்ல வீட்டுல கம்ப்யூட்டர் நெட் கனெக்ஷனோட இருக்கான்னு கேட்டாங்க, நாடு முழுக்க 3.1 சதவீத வீட்டுல தான் இருந்துச்சு. அது ஜியோ வர்றதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி எடுத்த கணக்கு, இன்னிக்கு எதுக்கும் ஆகாது, 2021ல எடுக்க வேண்டியதும் எடுக்கல. தேசிய குடும்ப நல சர்வே அஞ்சாவது சுத்துல, அதாவது 2019-21ல, நெட் யூஸ் பண்ணிருக்கீங்களான்னு கேட்டாங்க, நாட்டளவுல பொம்பளைங்க 33 சதவீதம், ஆம்பளைங்க 57 சதவீதம். ஆனா கேள்வி என்னன்னா 'எப்பவாவது' யூஸ் பண்ணிருக்கீங்களா. பேரன் கூட ஒரு தடவ வீடியோ கால் பேசுன அம்மாவும் என் தம்பியும் அதுல ஒரே கட்டத்துல வருவாங்க. தொலைத்தொடர்பு ஆணையம் ட்ராயோட ரிப்போர்ட் மூணு மாசத்துக்கு ஒரு தடவ வரும், ஆனா அதுல தமிழ்நாடு மொத்தமும் ஒரே டெலிகாம் சர்க்கிள், எங்க மாவட்டத்துல கூடலூர் என்ன குந்தா என்னன்னு பிரிச்சு பாக்க வழியில்ல.

கிராமத்து பசங்க படிப்ப பத்தி எடுக்கற அசர் சர்வே, அதோட 2023 ரிப்போர்ட் தான் கொஞ்சம் கிட்ட வந்துச்சு, கிராமத்துல 14லருந்து 18 வயசு. ஸ்மார்ட்போன் யூஸ் பண்ண தெரிஞ்சவங்கள்ல பசங்க 43.7 சதவீதம் பேர் சொந்தமா போன் வெச்சிருக்காங்க, பொண்ணுங்க 19.8 தான். ஆனா அது 28 மாவட்டத்துல மட்டும் எடுத்தது, எங்க மலை அதுல இல்ல. நாலு பேர் ஒரு போன பாக்கறத எந்த சர்வேல எப்படி எழுதுவாங்க? வளைவுல நான் பாத்த நாலு பேர்ல ரெண்டு பேர் கிட்ட தான் போன் இருந்துச்சு.

வெளில தேடி அலுத்து போய் உள்ளூர்ல ஒரு செகண்டரி டேட்டா கிடைச்சுது, ஸ்கூல் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர். தம்பி ஸ்கூல் ஹெச்.எம். சார் கிட்ட காலேஜ் லெட்டரோட போய் நின்னேன், பேர் எதையும் எழுத மாட்டேன்னு சொல்லி தான் கேட்டேன், அவர் ஆபீஸ் ரூம்லயே உக்காந்து பாத்துக்க சொன்னாரு. பச்சை அட்டை போட்ட நோட்டு, ஓரமெல்லாம் ஈரத்துல உப்பி, ஆப்சென்ட் மட்டும் சிவப்பு மைல. நைட்டு போன் பாத்துட்டு காலைல எந்திரிக்க முடியாம பசங்க லீவு போடறாங்கங்கறது தான் நான் முதல்ல எழுதி வெச்சிருந்த ஹைப்பாதிசிஸ், அதாவது யூகம். மூணு வருஷத்த மாசம் மாசமா பாத்தேன். சிவப்பு முக்கால்வாசி அக்டோபர் நவம்பர்ல குவிஞ்சு கிடக்கு. எங்க பக்கம் வடகிழக்கு பருவமழை தான் போட்டு அடிக்கும், மண்ணு சரியும், மரம் விழும், பஸ் வராது. தூரத்துலருந்து வர்ற பசங்களுக்கு தான் சிவப்பு ஜாஸ்தி. நான் அறுபது கேள்வியோட நேரா ஃபீல்டுக்கு போயிருந்தா அந்த லீவு எல்லாத்தையும் போன் தலைல கட்டி ஒரு டேபிளும் போட்டிருப்பேன், பாஸும் ஆகியிருப்பேன்.

அதுக்காக பிரச்சனையே இல்லன்னு நான் சொல்லல. உலக சுகாதார நிறுவனத்தோட நோய் பட்டியல் ஐசிடி-11, 2022 ஜனவரிலருந்து நடைமுறைல இருக்கு, அதுல கேமிங் டிஸார்டர் ஒரு நோயாவே இருக்கு, பொதுவா நெட் அடிக்ஷன்னு ஒண்ணு இல்ல. விளையாட்ட நிறுத்த முடியாம போறது, சாப்பாடு தூக்கம் படிப்பு எல்லாத்துக்கும் முன்னாடி அது வர்றது, கெடுதல்னு தெரிஞ்சும் தொடர்றது, அதோட வாழ்க்கை நிஜமாவே குலைஞ்சிருக்கணும், சாதாரணமா ஒரு வருஷமாவது இப்படி இருக்கணும். இத கைல வெச்சுகிட்டு அந்த நாலு பசங்கள யோசிச்சு பாத்தேன். என் தம்பிக்கு அது பொருந்தல. ஞாயித்துக்கிழமை ஃபுட்பால்னா போன வீட்டுலயே விட்டுட்டு ஓடறான். ஆனா அதுல ஒரு பையன், அவன் ஸ்கூலுக்கே போறத நிறுத்தி பல மாசம் ஆச்சு, வீட்டுல யார் கூடவும் பேசறதில்ல, போன வாங்கி வெச்சா சோறு திங்க மாட்டான்னு அவங்கம்மா என் கைய புடிச்சுகிட்டு சொன்னாங்க. நோயான்னு சொல்ல நான் டாக்டர் இல்ல. 14416ன்னு அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர், டெலிமானஸ், இருக்கு, தமிழ்ல பேசலாம், காசு இல்ல, அத எழுதி குடுத்து, அவங்க முன்னாடியே போட்டு பேச வெச்சேன். பெங்களூர்ல இருக்கற மனநல ஆஸ்பத்திரி நிம்ஹான்ஸ்ல இதுக்குன்னே 2014லருந்து ஷட் கிளினிக் நடக்குது, அந்த விவரத்தையும் சொன்னேன். நாலு பேரும் ஒரே போர்வைல தான் உக்காந்திருந்தாங்க, தூரத்துலருந்து பாத்த எனக்கு நாலும் ஒண்ணா தான் தெரிஞ்சுது.

வைவால, அதாவது நேர்ல கேள்வி கேக்கற பரீட்சைல, ஒரு சார், "உன் ப்ராஜெக்ட்ல முடிவே இல்லையேம்மா"ன்னு கேட்டாரு. முடிவு இல்ல சார், பதினோரு கேள்வி இருக்கு, ஆரம்பத்துல அறுபது இருந்துச்சுன்னு சொன்னேன். மேடம் ஒண்ணும் பேசல, தலைய மட்டும் ஆட்டுனாங்க.

அந்த பதினோரு கேள்விய வெச்சு தான் இப்ப ஃபீல்டுக்கு போறேன். மழை விட்டதும் ஜனவரில, பசங்க தனியா, பொண்ணுங்க தனியா, அம்மாங்க தனியா மூணு குழுவா உக்கார வெச்சு பேசப்போறோம், எஸ்டேட் க்ரெச்ச, அதாவது குழந்தைங்க காப்பகத்த, ஞாயித்துக்கிழமை மத்தியானம் தர்றோம்னு சொல்லிருக்காங்க. முதல் கேள்வி, சிக்னலுக்காக எவ்வளவு தூரம் நடக்கறீங்க, திரும்பி வரும்போது கூட யார் வருவாங்க.