சதுர அடி ரேட்டுக்குள்ள காணாமப் போறது

கட்டட வேலைல இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, வீடு கட்ட வர்றவங்க கேக்குற முதல் கேள்வி "சதுர அடி என்ன ரேட்டு சார்" தான். மதுரைப் பக்கம் சின்னச் சின்ன வீடா எடுத்துக் கட்டிட்டிருக்கேன். நான் 2,400ன்னு சொன்னா இன்னொருத்தர் 2,300ம்பாரு, மூணாவது ஆள் 2,200க்கே முடிச்சுத் தர்றேன்னு அட்வான்ஸ் வாங்கிட்டுப் போயிடுவாரு. கம்பி விலையும் கொத்தனார் கூலியும் எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான, அப்ப அந்த இருநூறு ரூபா எங்க குறையுது? கண்ணுக்குத் தெரியாத இடத்துலதான் குறையுது. சுற்றுச்சூழலுக்கு நல்லது பண்ற வேலை பெரும்பாலும் அந்த இடத்துலதான் இருக்கு, அதான் எனக்கு ஆத்தாமை.

போட்டியால கெட்டது மட்டும்தான் நடக்குதுன்னு சொல்ல மாட்டேன். சிமெண்டையே எடுத்துக்கோங்க. சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு, சிமெண்டா அரைக்கிற கிளிங்கர்ங்கிற கட்டியை எடுக்கும்போது கல்லுல இருந்தும் கார்பன் டை ஆக்சைடு வருது, எரிக்கிற நிலக்கரில இருந்தும் வருது. அந்தக் கிளிங்கர்ல ஒரு பங்கைக் குறைச்சு அனல்மின் நிலையச் சாம்பலை 15ல இருந்து 35 சதவீதம் வரைக்கும் சேர்த்தா அதான் பிபிசிங்கிற கலப்பு சிமெண்ட். சாம்பல் மலிவு, 1999லயே மத்திய அரசு சாம்பலைப் பயன்படுத்தச் சொல்லி உத்தரவும் போட்டுச்சு, விலையில முந்தணும்னு கம்பெனிங்களும் கலந்தாங்க, இப்ப வீட்டு வேலைக்குக் கடைல சிமெண்ட் கேட்டா பெரும்பாலும் பிபிசி மூட்டைதான் வந்து இறங்குது. இது போட்டியால நடந்த நல்ல காரியம்தான்.

ஆனா அந்த சிமெண்ட் மெதுவாத்தான் பலம் பிடிக்கும். சாம்பல் கலக்காத சாதா சிமெண்டான ஓபிசிக்கு குறைஞ்சது 7 நாள், கலப்பு சிமெண்டுக்கு 10 நாள் தண்ணி விடணும்னு கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456ல இருக்கு. ரூஃப் போட்ட மறுநாள் பாத்தி கட்டி தண்ணி நிறுத்தணும், தூணுக்கு சாக்கைச் சுத்தி நனைக்கணும், சித்திரை வெயில்ல காலைல நனைச்ச சாக்கு மத்தியானத்துக்குள்ள மொடமொடன்னு ஆயிடும், திரும்ப நனைக்கணும். இதுக்கு ஆள் கூலி, லாரித் தண்ணிக் காசு, போதாததுக்கு கான்கிரீட்டைத் தாங்கிப் பிடிக்கிற சென்ட்ரிங் ஷீட் வாடகை வேற நாள் கணக்குல ஓடிட்டிருக்கும். 2,200க்கு எடுத்தவரு நாலாம் நாளே மோட்டாரை நிறுத்திட்டுப் போயிடுவாரு, பெயிண்ட் அடிச்சப்புறம் ரெண்டு வீடும் ஒரே மாதிரிதான் தெரியும். அஞ்சாறு வருஷத்துல மாடி கீறல் விட்டு ஒழுகும், கொத்தி எடுத்துட்டு மறுபடி பூசணும், மறுபடி சிமெண்ட், மறுபடி மணல். சாம்பல் கலந்து மிச்சம் பண்ணினதை இங்க தொலைச்சிடுறோம்.

மணல் கதையும் இதேதான். 2017ல ஹைகோர்ட் மதுரைக் கிளை ஆத்து மணல் குவாரிகளை மூடணும்னு தீர்ப்பு சொன்ன சமயத்துல இருந்து எல்லாரும் கல்லை உடைச்சுச் செய்யுற எம்-சாண்ட் பக்கம் திரும்பினோம், இப்ப ரேட்டைக் குறைக்கணும்னு கல் உடைக்கும்போது மிஞ்சுற தூளான குவாரி டஸ்ட்டை எம்-சாண்ட்னு சொல்லி இறக்குற ஆளும் இருக்காங்க. இடிச்ச கழிவைப் பத்தி 2016ல விதியே வந்தாச்சு, இன்னமும் ராத்திரி டிராக்டர்ல ஏத்தி கண்மாய்க் கரையில கொட்டிட்டு வர்றவருக்குத்தான் ரேட்டு கம்மியா வருது, முறையா அப்புறப்படுத்துறவன் கொட்டேஷன்லயே தோத்துப் போறான். இதைப் பாக்கும்போது வயிறு எரியுது.

இதே போட்டிதான் சென்னை ஓஎம்ஆர்லயும் கிண்டிலயும் ஐடி பார்க் கட்டுறவங்களை வேற பக்கம் தள்ளுச்சு. அங்க வாடகைக்கு வர்ற பெரிய கம்பெனிங்க பசுமைக் கட்டடத்துக்குக் குடுக்குற லீட் சர்டிஃபிகேட் இருக்கா, ஏசிக்கு கரண்ட் எவ்ளோ இழுக்கும்னு கேட்டாங்க, கேட்டதால பில்டருங்களும் அதுல போட்டி போட்டாங்க. வீடு கட்டுறவங்க இன்னும் சதுர அடி ரேட்டை மட்டும்தான் கேக்குறாங்க.

அதனால நான் கொட்டேஷன்ல தண்ணி விடுற நாளையும், என்ன சிமெண்ட், எந்த மணல்ங்கிறதையும், கழிவு அள்ளுற செலவையும் தனித்தனி வரியா எழுதிக் குடுக்கிறேன். ரேட்டைப் பாத்துட்டு வேலை வேணாம்னு போனவங்க நிறைய பேரு. ஆனா ஒரு டீச்சரம்மா அந்தத் தாளை எடுத்துட்டுப் போய் மத்த ரெண்டு காண்ட்ராக்டர்கிட்டயும் "நீங்களும் எத்தனை நாள் தண்ணி விடுவீங்கன்னு எழுதிக் குடுங்க"ன்னு கேட்டிருக்காங்க. ரெண்டு பேருமே புதுசா ரேட் போட்டுக் குடுத்தாங்க, எனக்கும் அவங்களுக்கும் பெருசா வித்தியாசமே இல்ல.