தட்டு வைக்கும் சத்தம்

நிருபராகச் சேர்ந்த புதிதில் எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்பேன்: “உங்க கஷ்டம் என்னக்கா?” பூக்கட்டுகிறவர், இஸ்திரி போடுகிறவர், யாராக இருந்தாலும் அதுதான். அவர்களும் சொல்லிச் சொல்லிப் பழகிய பதிலையே சொல்வார்கள். என் கட்டுரைகளில் ஆட்களின் பெயரை இடம் மாற்றிப் போட்டாலும் வித்தியாசம் தெரியாது.

அப்புறம்தான் ஸ்டட்ஸ் டெர்க்கெலின் ‘வொர்க்கிங்’ கைக்கு வந்தது. 1974-இல் வந்த புத்தகம். டெர்க்கெல் சிகாகோ வானொலியில் 40 ஆண்டுகளுக்கு மேல் பேட்டி எடுத்தவர். 2008-இல், 96 வயதில் காலமானார். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அந்தப் புத்தகத்தில் தங்கள் வேலையைப் பற்றித் தாங்களே பேசுகிறார்கள். பெரும்பாலான இடங்களில் அவருடைய கேள்வியே இருக்காது.

அதில் ஒரு பெண், ஒரே உணவகத்தில் 23 வருடம் பரிமாறியவர். தான் தட்டை வைத்தால் சத்தமே கேட்காது என்கிறார். கண்ணாடித் தம்ளரை எடுப்பதில்கூட ஒரு நேர்த்தி வேண்டும் அவருக்கு. ஓர் இரும்பாலைத் தொழிலாளி, எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் உச்சி முதல் அடி வரை ஓர் அடி அகலத்துக்குப் பட்டை விட்டு, கட்டிய அத்தனை பேரின் பெயரையும் பொறிக்க வேண்டும் என்கிறார். மகனைக் கூட்டிப்போய்க் காட்டலாமே! அந்தப் பக்கத்தைத் தாண்ட எனக்கு நேரமானது. நான் இத்தனை நாளும் யாரிடமும் கைவேலையைப் பற்றிக் கேட்டதே இல்லை.

எங்கள் தெருமுனை இஸ்திரி வண்டிக்கு மறுபடி போனேன். “பெட்டி காய்ஞ்சிடுச்சுன்னு எப்படிக்கா தெரியும்?” என்றேன். அவர் பெட்டியைத் தூக்கிக் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினார். “கண்ணுக்குத் தெரியாது தம்பி, கன்னத்துக்குத் தெரியும்.” கொட்டாங்கச்சிக் கரி ஏன் நல்லது, காலரை ஏன் நுனியிலிருந்து நடுவுக்குத் தேய்க்க வேண்டும், பட்டுக்கு மேலே ஏன் துணி போட வேண்டும் என்று ஒரு மணி நேரம் பேசினார். கஷ்டம் தானாக வந்தது. அத்தனை கனமான பெட்டியைத் தூக்கித் தூக்கி வலது தோள் இறங்கிப்போயிருந்தது. முதல் பேட்டியில் அதை அவர் சொல்லவில்லை. நானும் கவனிக்கவில்லை.

டெர்க்கெல் ஒரு சம்பவத்தை அடிக்கடி சொல்வார். அரசுக் குடியிருப்பில் ஓர் இளம் தாயைப் பேட்டி எடுத்தபின், பிள்ளைகள் அம்மாவின் குரலைக் கேட்க ஆசைப்பட்டார்கள். டேப்பை ஓடவிட்டார். அந்தப் பெண் வாயில் கைவைத்தபடி கேட்டார். தனக்குள் இப்படியொரு எண்ணம் இருந்தது அதுவரை தனக்கே தெரியாது என்றார்.

நானும் செல்போனில் பதிவை ஓடவிட்டேன். அக்கா பெட்டியைத் தாங்கியில் வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் வந்து நின்று முழுவதும் கேட்டார்.

“பட்டுச் சேலையைப் பத்தி ஒண்ணு விட்டுட்டேன் தம்பி. ஜரிகையைத் திருப்பிப் போட்டுத்தான் தேய்க்கணும். மறுபடி போடு, சொல்றேன்.”